வீட்டுச் சுவரில் ஊமைப்படம்: இருபது நிமிஷத்துக்குள் முடிகிற மாதிரி எதைப் போடலாம்?

#1 கடைசிபெஞ்ச்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயசு. மூணு வருஷமா காது சுத்தமா கேக்கல. மிஷின் வாங்கிக் கொடுத்தோம், "காதுக்குள்ள வண்டு ரீங்காரம் போடுது"ன்னு கழட்டி பீரோவுல வெச்சுட்டாங்க. டிவி ஓடும்போது நாங்க சிரிச்சா, அவங்க டிவியப் பார்க்காம எங்க மூஞ்சியப் பார்ப்பாங்க. என்ன விஷயம்னு ஒவ்வொரு தடவையும் கத்திச் சொல்ல முடியல, சொல்லாம இருக்கவும் முடியல.

போன வாரம் பையன் (9) போன்ல சாப்ளின் துண்டு ஒண்ணு பார்த்துட்டிருந்தான். அம்மா தோளுக்கு மேல எட்டிப் பார்த்தவங்க, அவனுக்கு முன்னாடியே சிரிச்சுட்டாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சது.

சின்ன புரொஜெக்டர் ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஹால் சுவர்ல போடலாம்னு இருக்கேன். பொண்ணுக்கு 6 வயசு, அரை மணிக்கு மேல உட்காரமாட்டா. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் பெரிய எழுத்தா இருந்தா படிச்சுடுவாங்க. முதல் நாள் எதைப் போடலாம்? முதல் நாள் சொதப்பிட்டா அப்புறம் யாரும் வரமாட்டாங்க, அதான் கவலை.

#2 பொறுமைசாலி

அந்தக் காலத்துப் படமெல்லாம் கடகடன்னு எறும்பு ஓடுற மாதிரி ஓடுமே அண்ணே. பெரியவங்களுக்குக் கண்ணு வலிக்காதா?

#3 வெண்திரைவாசு

யோசிக்கவே வேண்டாம். ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ஒன் வீக், 1920. இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

புதுசாகக் கல்யாணமான ஜோடி. கல்யாணப் பரிசாக ஒரு வீடு வருகிறது, பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நம்பர், நம்பர்படி கோத்தால் வீடு. அந்தப் பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டு ஏமாந்த ஒருவன் வந்து பெட்டி நம்பர்களை மாற்றி எழுதிவிட்டுப் போய்விடுகிறான். அது தெரியாமல் இவர்கள் கோக்கிறார்கள். கதவு மேல்மாடியில், வெளியே படி கிடையாது. ஒரு சுவர் கோணல், கூரை பத்தவில்லை. இடையிடையே தேதி காலண்டர் தாள் கிழியும், எழுத்து மட்டும் வரும் டைட்டில் கார்டும் கொஞ்சம் உண்டு, ஆனால் கதை படத்திலேயே புரிந்துவிடும். அதற்கு இங்கிலீஷ் எதற்கு?

புயலில் வீடு ராட்டினம் மாதிரி சுற்றும் காட்சிக்கு ஒரு முழு வீட்டையே சுழலும் மேடைமேல் கட்டினார்கள். கடைசியில் வருகிற ரயில் காட்சியைப் பற்றி இங்கே வாயே திறக்கமாட்டேன். அதைப் பார்க்கும்போது அம்மாவின் முகத்தைப் பாருங்கள், சுவரைப் பார்க்காதீர்கள்.

நேரம் இருந்தால் இரண்டாவதாக சாப்ளினின் தி பான்ஷாப் (1916). அடகுக்கடை. ஒருத்தர் அலாரம் கடிகாரம் ஒன்றை அடகு வைக்க வருகிறார். சாப்ளின் அதை நோயாளி மாதிரி ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பார், தட்டுவார், டின் திறக்கிற கருவியால் பின்மூடியைக் கிழிப்பார், உள்ளே எண்ணெய் விடுவார், ஸ்பிரிங்கை முழம் போடுவார். எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகு, அந்த ஆளின் தொப்பியில் அள்ளிக் கொட்டி, "இது வேண்டாம்" என்று தலையாட்டுவார். அடகுக்கடை வாசலில் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

#4 சுருள்மாமா

தம்பி கடைசிபெஞ்ச், நான் டூரிங் டாக்கீஸ்ல ஆப்பரேட்டரா இருந்தவன். பொறுமைசாலி கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா ராத்திரி கூத்து நல்லா இருக்கிறதும் இல்லாததும் அதுலதான் இருக்கு.

அந்தப் படங்க வேகமா எடுத்தது இல்ல. நாம வேகமா ஓட்டறோம். ஊமைப்பட காலத்துல கேமராவக் கையால சுத்துனாங்க. செகண்டுக்கு 16 கட்டம் (ஃபிரேம்), 18, 20ன்னு ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். பேசும்படம் வந்ததும் சத்தம் ஒழுங்கா கேக்கணும்னு 24ன்னு ஒரே கணக்கா நிறுத்திட்டாங்க. 16ல எடுத்தத 24ல ஓட்டுனா ஒன்றரை மடங்கு வேகம். மனுசன் எறும்பாகாம என்ன செய்வான்?

கணக்கு போட்டுப் பாருங்க. தியேட்டர்ல ஓடற 35 மில்லிமீட்டர் அகல ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 கட்டம். ஒரு ரீல் 1,000 அடி, ஆக 16,000 கட்டம். செகண்டுக்கு 16ன்னா பதினாறே முக்கால் நிமிஷம் ஓடும். 24ன்னா பதினொண்ணுல முடிஞ்சுடும். அதனால ரெண்டு ரீல் படம்னு போட்டுட்டு 22 நிமிஷத்துல முடியுற காப்பி இருந்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க. எல்லாப் படமும் முழு ஆயிரம் அடி இருக்காது, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

யூடியூப்ல வேகத்த 0.75க்கு வையுங்க. 24 போய் 18 ஆயிடும். அவ்வளவுதான் வைத்தியம்.

#5 வெண்திரைவாசு

சுருள்மாமா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. நகைச்சுவைப் படங்களை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்தார்கள், திரையில் கொஞ்சம் விரைவாகத் தெரியட்டும் என்றுதான். சாப்ளினை நிஜ வேகத்துக்கு இறக்கினால் அவர் அடிவாங்குவது வலிக்கிற மாதிரி ஆகிவிடும், சிரிப்பு போய்விடும். தவிர, இப்போது சுத்தம் செய்து வெளியிட்ட நல்ல பதிப்புகளில் வேகத்தை ஏற்கெனவே சரிபண்ணித்தான் தருகிறார்கள். அதன் மேல் நீங்கள் 0.75 வைத்தால் தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருக்கும்.

#6 பொறுமைசாலி

அப்ப எதை நம்பறது? ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்ற மாதிரி இருக்கு 😀

#7 சுருள்மாமா

வாசு சொன்னதும் வாஸ்தவம். ஹீரோவப் பார்த்து வேகத்தை முடிவு பண்ணாதீங்க. அவன் நடிகன், எப்படி வேணும்னாலும் ஓடுவான். பின்னாடி ரோட்டுல சும்மா நடந்து போற ஆளப் பாருங்க. குழாய்ல விழற தண்ணி, அடுப்புப் புகை, கொடியில ஆடற துணி இதெல்லாம் பாருங்க. அவங்களுக்கு நடிக்கத் தெரியாது. தண்ணி தண்ணி மாதிரி விழுந்தா வேகம் சரி. 1, 0.9, 0.75ன்னு மூணும் ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்து கண்ணுக்கு எது சரியோ அதை வையுங்க.

#8 வெண்திரைவாசு

ஒரு தகவல் சேர்க்கிறேன். சாப்ளின் 1916-17இல் மியூச்சுவல் கம்பெனிக்காக எடுத்த 12 படங்களும் இரண்டு ரீல் படங்கள், வீட்டில் பார்ப்பதற்கு அவற்றைவிடப் பொருத்தமானவை குறைவு. ஆனால் 1932இல் வான் பியூரன் என்ற கம்பெனி அந்தப் படங்களை வாங்கி, பாட்டும் டிங் டொங் சத்தமும் சேர்த்து, 24 வேகத்தில் மறுபடி வெளியிட்டது. இன்றைக்கும் இணையத்தில் சுற்றும் பல காப்பிகள் அந்த வழியில் வந்தவைதான். பொறுமைசாலி பார்த்த எறும்பு பெரும்பாலும் அந்த எறும்பு.

#9 மல்லிகா_டீச்சர்

பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு என்ற பெயரில் நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், அதனால் இரண்டு எச்சரிக்கை சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கீட்டனின் தி பிளேஹவுஸ் (1921) ஒரு அற்புதம். ஒரே திரையில் ஒன்பது கீட்டன்கள், ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்பச் சுற்றி எடுத்தது. ஆனால் அதில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களாக நடிக்கும் காட்சி உண்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு அதை விளக்க அன்று இரவு உங்களுக்குத் தெம்பு இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சாப்ளினின் ஒன் ஏ.எம். முழுக்கக் குடிகாரர் வீட்டுக்கு வந்து படியேறுவதுதான். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு அதைப் போடுவதில்லை.

பிள்ளைகளுக்கு நான் முதலில் போடுவது ஸ்டாரெவிச் என்பவர் 1912இல் ரஷ்யாவில் எடுத்த தி கேமராமேன்ஸ் ரிவெஞ்ச். பத்துப் பன்னிரண்டு நிமிஷம். வண்டு வீட்டுக் குடும்பச் சண்டை. நடித்திருப்பவை நிஜ வண்டு, நிஜ வெட்டுக்கிளி, அதாவது செத்த பூச்சிகளைக் கம்பியில் கோத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது. வண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும். ஒரு பையன் "மிஸ், இதுக்கு எப்படி மிஸ் டிரெயினிங் குடுத்தாங்க?" என்று கேட்டான். கதை என்னவோ கள்ளக்காதல்தான், ஆனால் பூச்சிகள் செய்வதால் பிள்ளைகளுக்கு அது உறைப்பதில்லை.

அடுத்தது லோட்டே ரைனிகர். ஜெர்மனிக்காரர். கறுப்பு அட்டையைக் கத்தரியால் வெட்டி நிழலாகவே கதை சொல்வார். 1922இல் சிண்ட்ரெல்லா எடுத்தார். உங்கள் அம்மா தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவராக இருந்தால், இதைத்தான் முதலில் காட்டச் சொல்வேன்.

டைட்டில் கார்டு விஷயம். வகுப்பில் நான் உரக்கப் படித்துவிடுவேன். உங்கள் வீட்டில் அது உதவாது. ஒரு எஸ்ஆர்டி கோப்பு, அதாவது சப்டைட்டில் கோப்பு போட்டுவிடுங்கள். நோட்பேட் போதும். எத்தனையாவது நொடியில் கார்டு வருகிறதோ அந்த நொடிக்குத் தமிழ் வரி. ரெண்டு ரீல் படத்தில் கார்டு ரொம்ப இருக்காது, ஒரு மணி நேர வேலை. படத்தை விஎல்சி பிளேயரில் ஓட்டி, எழுத்தளவை மிகப் பெரியதாக வைத்துவிடுங்கள். வேகத்தையும் விஎல்சியிலேயே குறைத்தால் எழுத்தும் கூடவே நகரும்.

#10 கடைசிபெஞ்ச்

டீச்சர், எஸ்ஆர்டி யோசனைக்குக் கோடி நன்றி. உரக்கப் படிக்கிறதப் பத்தி நினைச்சிருந்தேன், அம்மாவுக்குக் கேக்காதுங்கிறதையே மறந்துட்டு. நாங்க எப்பவும் இப்படித்தான்.

#11 தம்பிரான்

கொஞ்சம் இழையை விட்டு விலகிப் போறேன், மன்னிக்கணும். எங்கப்பா 70கள்ல சிங்கப்பூர்ல இருந்து ஒரு சூப்பர் 8 புரொஜெக்டர் கொண்டு வந்தார். கூடவே எட்டுப் பத்து சின்ன ரீல். எங்க தெருவுல யார் வீட்ல பிறந்தநாள்னாலும் எங்க வீட்டு வேஷ்டிதான் ஸ்க்ரீன். லாரல்-ஹார்டி ஒண்ணு, சாப்ளின் ரெண்டு, எல்லாமே சத்தமில்லாதது. ரீல் சிக்கிக்கிட்டா திரையில நடுவுல பழுப்பா கொப்பளம் வரும். நாங்க அதுக்கும் கை தட்டுவோம்.

போன மாசம் பரண்ல இருந்து இறக்கினேன். பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரத்துல ஒட்டிக்கிடக்கு. டப்பாவத் திறந்தா ஊறுகாய் ஜாடியத் திறந்த மாதிரி புளிப்பு வாடை மூக்குல ஏறுது. பழைய ஃபிலிம் தானா தீப்பிடிக்கும்னு எங்கயோ படிச்சேன். வீட்டுக்குள்ள வெச்சிருக்கலாமா?

#12 சுருள்மாமா

தம்பிரான், பயப்படாதீங்க. தீப்பிடிக்கிறது நைட்ரேட் ஃபிலிம். தியேட்டருக்கு வந்த 35 மில்லி அது. எரிய ஆரம்பிச்சா தண்ணியில முக்கினாலும் எரியும், ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு. 1951ல கோடாக் அதைச் செய்யறத நிறுத்திட்டாங்க. வீட்டுக்குன்னு வந்த 16, 8 மில்லி ஃபிலிமெல்லாம் முதல்ல இருந்தே சுலபமா தீப்பிடிக்காத வகை. வீட்டுக்கு ஏன் தனி அளவு வந்துச்சுங்கிறதுக்கே அதுதான் முக்கியக் காரணம்.

1923ல கோடாக் 16 மில்லி கொண்டு வந்தாங்க. ஏன் 16? 35ஐ நடுவுல வெட்டுனா 17.5 வரும், அதுவே சுலபம். ஆனா அப்படி வெச்சா எவனாவது நைட்ரேட்டக் கிழிச்சு வீட்டு மிஷின்ல போட்டு வீட்டக் கொளுத்திடுவான். பொருந்தாத அளவா வேணும்னே வெச்சதுன்னு சொல்வாங்க. அப்புறம் 1932ல 8 மில்லி, 1965ல உங்க அப்பா வாங்கினாரே அந்த சூப்பர் 8.

இன்னொரு அழகான கணக்கு. 8 மில்லில ஒரு அடிக்கு 80 கட்டம். 200 அடி ரீல்ல 16,000 கட்டம். அதாவது தியேட்டர்ல 1,000 அடி பெட்டியில வந்த ஒரு ரீல், இங்க உள்ளங்கையில அடங்குற 200 அடி சுருள். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி செஞ்சிருக்காங்க.

உங்க புளிப்பு வாடை வேற வியாதி. சுலபமா தீப்பிடிக்காத அந்த ஃபிலிம் அசிடேட்ல செஞ்சது, ஈரமும் சூடும் பட்டா அசிடிக் அமிலமா அழுகும், அதான் வினிகர் வாடை. சுருங்கும், வளையும், பல்சக்கரத்துல உட்காராது. ஒரு ரீலோட வாடை பக்கத்து ரீலயும் கெடுக்கும். வாடை உள்ளதைத் தனியா பிரிச்சு வையுங்க, டப்பாவ இறுக்க மூடாதீங்க. பரண்ல மட்டும் மறுபடி போடாதீங்க, நம்ம ஊர் பரண் அடுப்புதான். புரொஜெக்டர்ல போடவே போடாதீங்க. ஸ்கேன் பண்ணக் கொடுங்க.

#13 தம்பிரான்

ஸ்கேன் கதையக் கேக்காதீங்க. ஒரு ரீல் கொடுத்துப் பார்த்தேன். அகலத் திரைக்குப் பொருந்தணும்னு மேலயும் கீழயும் வெட்டிக் கொடுத்திருக்காங்க. ஹார்டியோட தொப்பி இல்ல, லாரலோட கால் இல்ல. மிச்ச ரீல் எல்லாம் 4:3 முழுக் கட்டமும் வேணும்னு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கணும்.

#14 வெண்திரைவாசு

சுருள்மாமா, வீட்டு அளவுகளில் எனக்குப் பிடித்த 9.5 மில்லியை விட்டுவிட்டீர்களே! 1922இல் பிரான்ஸில் பாத்தே கம்பெனி கொண்டு வந்த பாத்தே-பேபி. ஃபிலிமை நகர்த்துகிற ஓட்டை ஓரத்தில் கிடையாது, இரண்டு கட்டத்துக்கு நடுவில் ஒரே ஓட்டை. அதனால் அவ்வளவு சின்ன ஃபிலிமிலும் படம் பெரிதாக விழும்.

அதில் ஒரு தந்திரம். டைட்டில் கார்டு ஐந்தாறு நொடி திரையில் நிற்க வேண்டும் என்றால் நூறு கட்டம் வீணாகும். பாத்தேக்காரர்கள் டைட்டிலுக்கு இரண்டு மூன்று கட்டம் மட்டும் அச்சடித்து, ஃபிலிம் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வைத்தார்கள். மிஷின் கையால் சுற்றுவது. வெட்டு வந்ததும் ஒரு கொக்கி அதில் விழும், நீங்கள் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள், ஃபிலிம் மட்டும் நகராமல் நிற்கும். படித்து முடிக்கிற நேரம் ஆனதும் மறுபடி ஓடும். விளக்கு சின்னது, நின்றாலும் கருகாது.

இந்த வீட்டுப் பிரதிகளைப் பொம்மை என்று நினைக்க வேண்டாம். பின்னாளில் ஊமைப்பட வரலாற்றாசிரியரான கெவின் பிரவுன்லோ பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவரிடம் இருந்தது ஒரு 9.5 மிஷின். 1954இல் கையில் இரண்டு ரீல் கிடைத்தது, பிரெஞ்சு இயக்குநர் அபெல் கான்ஸ் 1927இல் எடுத்த நெப்போலியனின் வீட்டுக்கான சுருக்கப் பிரதி. அதைச் சுவரில் ஓட்டிப் பார்த்துத்தான் மிச்சத்தைத் தேட ஆரம்பித்தார். 1980இல் லண்டனில் ஏறத்தாழ ஐந்து மணி நேரப் படமாக அதை ஒட்டுப்போட்டுக் காட்டினார்.

#15 பொறுமைசாலி

சினிமாவத் தொடங்கி வெச்ச லூமியேர் சகோதரர்களோட ரயில் படத்தப் போடுங்க அண்ணே. முதல் நாள் ஷோல ரயில் வர்றதப் பார்த்து ஜனம் அலறி ஓடுச்சாமே. 50 செகண்டுதான்.

#16 வெண்திரைவாசு

1895 டிசம்பர் 28, பாரீஸ், கிராண்ட் கஃபே. அன்றைக்குப் போட்டது பத்துப் படம், அதில் ரயில் இல்லை. அலறி ஓடினார்கள் என்பதற்கு உருப்படியான சாட்சியும் இல்லை. அன்று போட்டதில் தோட்டக்காரனும் குழாயும் படம் உண்டு. பையன் குழாயை மிதிப்பான், தோட்டக்காரர் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பார், பையன் காலை எடுப்பான். ஆறு வயதுக்கு அதைப் போடுங்கள். சுருள்மாமாவின் தண்ணீர் சோதனையும் அதிலேயே முடிந்துவிடும்.

#17 குமரிக்காரன்

நம்ம ஊர் படம் எதுவும் சொல்லலியே யாரும்? நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில வெச்சு எடுத்த கீசக வதம், தென்னிந்தியாவோட முதல் ஊமைப்படம், ஒரு அடிகூட மிஞ்சல. தெக்கே மிஞ்சினது எங்க நாகர்கோவில் சுந்தர்ராஜ் காசு போட்டு எடுத்த மார்த்தாண்ட வர்மா (1933), அது புனே ஆவணக் காப்பகத்தில இருக்கு. ஆனா அது நீளப் படம், வழக்குல சிக்கின கதையும் பெரிசு.

உங்க அம்மைக்கு நான் சொல்லுகது தாதாசாகேப் பால்கேயோட காளிய மர்தன், 1919. கிடைச்ச அளவுக்கு முக்கால் மணி நேரம் வரும், ரெண்டு ராத்திரியாப் பிரிச்சுப் போடலாம். கிருஷ்ணனா நடிச்சது பால்கேயோட மக மந்தாகினி, ஏழு வயசு. படம் தொடங்கும்போது அந்தப் பிள்ளை சும்மா தன் மூஞ்சில கோபம், சிரிப்பு, அழுகைன்னு காட்டும். அப்புறமா கண்ணெதிரே கிருஷ்ணனா மாறும். கதை தெரிஞ்சவங்களுக்கு டைட்டிலே வேண்டாம்.

#18 கடைசிபெஞ்ச்

இதெல்லாம் டவுன்லோடு பண்றது தப்பில்லையா? அதையும் கேட்டுடறேன்.

#19 வெண்திரைவாசு

இந்தியச் சட்டப்படி சினிமாவுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 வருஷம். 1920களின் படங்களுக்கு அது எப்போதோ முடிந்தது. ஆனால் புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்குத் தனி உரிமை உண்டு. வீட்டில் ஓட்டுவதற்குப் பிரச்சினை இல்லை, திரும்ப யூடியூபில் ஏற்றினால்தான் வம்பு வரும்.

#20 சுருள்மாமா

எங்க சின்ன வயசுல காப்புரிமையெல்லாம் ஏது. தியேட்டர் வாசல்ல அறுந்த ஃபிலிம் துண்டு பொறுக்கி, ஃபியூஸ் போன பல்பை உடைச்சு இழையெடுத்து உள்ள தண்ணி ஊத்தி, கண்ணாடியில வெயிலப் பிடிச்சு இருட்டு ரூம்புக்குள்ள அடிப்போம். எம்ஜிஆர் சுவர்ல தலைகீழா நிப்பார். துண்டைத் திருப்பிப் பிடிக்கத் தெரிஞ்சவன்தான் எங்க தெருவுல ஆப்பரேட்டர். அந்த வேலைதான் எனக்குக் கடைசிவரைக்கும்.

#21 கடைசிபெஞ்ச்

நேத்து ராத்திரி ஷோ முடிஞ்சது. ஒன் வீக் போட்டேன். டீச்சர் சொன்னபடி எஸ்ஆர்டி போட்டேன். நான் பிடிச்ச காப்பி ஏற்கெனவே சரியான வேகத்துல இருந்துச்சு, 0.75 வெச்சா நிஜமாவே தண்ணிக்குள்ள நடந்தாங்க, 1லயே விட்டுட்டேன். மாமா கோவிச்சுக்காதீங்க.

அந்த ஆளு வந்து பெட்டி நம்பரை மாத்தறான் பாருங்க, அங்க அம்மா மட்டும் "அய்யய்யோ"ன்னாங்க. நாங்க யாரும் அதை ஒழுங்காக் கவனிக்கல, பையன் தண்ணி பாட்டில் தேடிட்டிருந்தான். அப்புறம் வீடு கோணலா நிக்குது, எதனாலன்னு எங்களுக்குக் குழப்பம், அம்மா திரும்பி எங்களுக்கு விளக்கம் சொல்றாங்க. "அவன் நம்பரை மாத்திட்டான்டா, நீங்க எங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" இந்த வீட்ல மூணு வருஷத்துல முதல் தடவையா அவங்க எங்களுக்குக் கதை சொன்னது.

மேல்மாடியில கதவு வந்ததும் "இது நம்ம மேஸ்திரி கட்டின வீடு மாதிரியே இருக்கு"ன்னு சத்தமா ஒரு கமெண்ட். அவங்களுக்குத் தன் குரல் எவ்வளவு சத்தம்னு தெரியாதில்லையா, பக்கத்து வீட்ல விளக்கு எரிஞ்சுது.

நடுவுல ஒரு பல்லி வந்து கீட்டன் மூக்குமேல உட்கார்ந்துடுச்சு. விரட்ட எந்திரிச்சேன், எல்லாரும் "இருக்கட்டும், உக்காரு"ன்னுட்டாங்க.

ரயில் சீன்ல பொண்ணு அழுதுட்டா. வீடு போச்சேன்னு. அது மட்டும் யாரும் எனக்குச் சொல்லல. ரயில் பக்கத்துத் தண்டவாளத்துல போனதும் எல்லாரும் மூச்சு விட்டோம், அப்ப இன்னொரு ரயில் வந்துச்சு பாருங்க... வாசு சார், முன்னாடியே சொல்லியிருக்கலாம். அழுகைய நிறுத்த தோட்டக்காரன் படத்த ஆறு தடவை போட வேண்டியதாப் போச்சு.

அடுத்த வாரம் பான்ஷாப்பா, காளிய மர்தனான்னு ஓட்டெடுப்பு நடக்குது. அம்மாவுக்கு ரெண்டு ஓட்டாம், அவங்களே அறிவிச்சுட்டாங்க.

#22 பொறுமைசாலி

பல்லிக்கு டிக்கெட் வாங்கினீங்களா?